பால்கனிக்கு வெளியே வினோத்

காட்டுப்பாக்கத்தில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியிருந்து செத்துப்போன வினோத், பெண்டாட்டி காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் பால்கனிக்கு வெளியே நாலடி தள்ளி, காற்றில் உட்கார்ந்தபடி வந்து சேருவான். சாயங்காலம் அவள் மூடினதும் போய்விடுவான். முதல் வாரம் கீழே கூட்டம் கூடியது. ஒருவர் மாலை வாங்கி வந்து, எட்டாமல் திரும்பக் கொண்டுபோனார். ஃபிளாட் சங்கச் செயலாளர் பால்ராஜ் மட்டும் மேலே ஏறி வந்து, "இன்னாம்மா இது, வாடகைக்கு ஊடு பாக்க வர்றவன்லாம் அண்ணாந்து பாத்துட்டு அப்படியே ஓடிகினு கீறான், சீக்கிரம் இதுக்கு ஒரு வழி பண்ணு" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

காரணம் எல்லாம் அவன் பெண்டாட்டி எழில் மூடாமல் விட்ட ஒரு வேலை. அவள் புரோகிராம் எழுதுகிறவள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எதையும் மூடுகிற பழக்கம் கிடையாது. எழுதுகிற எடிட்டரில் இருபது ஃபைல் திறந்து கிடக்கும், அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். மறுநாள் திறந்தால், "விட்ட இடத்திலிருந்து எடுத்து வைக்கட்டுமா?" என்று எடிட்டரே கேட்கும், எது எது எங்கே இருந்ததோ அங்கங்கே வைத்துத் தரும். கடைசிச் சாயங்காலம் எழில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். வினோத் அவளுக்கு இடதுபக்கம், அவள் கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டியிருந்த இரண்டாவது திரையின் முன்னால் உட்கார்ந்து ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. சனியன் என்று திட்டிவிட்டு மூடியை இறக்கிவிட்டாள். வினோத் பரோட்டா வாங்கி வருகிறேன் என்று குமணன்சாவடிக்குப் போனான், தண்ணி லாரி அடித்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி நடக்கும்போதே அவன் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, இரண்டாவது திரை கம்பெனியுடையது என்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழற்றிப்போனார்கள். பாயசம் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள், நல்ல மனசு.

அதற்கப்புறம் அவள் முதல்முறை எடிட்டரைத் திறந்து, பழையபடி வை என்றாள். அது வைத்தது, ஃபைல்களோடு வினோத்தையும் சேர்த்து. இடதுபக்கம் இருந்த திரை இப்போது இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும் பாவம்? இல்லாத இடத்தில் வைக்கச் சொன்னால் வீட்டுக்கு வெளியேதான் வைக்கும். மேசையைப் படுக்கையறைக்கு மாற்றிப் பார்த்தாள், சமையலறைக்கு மாற்றிப் பார்த்தாள். எங்கே மாற்றினாலும் அவன் வெளியேதான் இருந்தான். காதில் அந்த வெள்ளை இயர்போன், காலில் வீட்டுச் செருப்பு. வாய் அசையும், கொஞ்ச நேரத்தில் கன்னம் குழியச் சிரிப்பான், திரும்ப முதலிலிருந்து வாய் அசையும். பூந்தமல்லி ரோட்டு இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது.

விஷயம் ஆவடிக்கு எட்டி, அவன் அம்மா லோகநாயகி பஸ் ஏறி வந்தாள். புருஷன் டேங்க் ஃபேக்டரியில் இருந்தவர்; அவர் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், ஒண்டிக்கட்டையாக ஒற்றை அறையில் கிடந்தாள். மகன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டும் மருமகள் சேர்க்கவில்லை என்று எழில் மேல் தீராத ஆத்திரம். மாமியாருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது, இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறாள் என்று எழிலுக்கு வருத்தம். இரண்டு பேரும் பால்கனியில் தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள். "அம்மான்னுதான் கூப்பிடறான்," என்றாள் லோகநாயகி. "என் பேரைத்தான் சொல்றாரு," என்றாள் எழில். அவன் என்ன சொல்கிறான் என்பது தெரியாமல் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. எழில் அழுதழுது, அவரை உள்ளே கொண்டுவராமல் விடமாட்டேன் என்று சபதம் போட்டாள்.

அவளுடன் வேலை பார்க்கும் சரவணக்குமாருக்கு மண்ணூர்பேட்டையில் வீடு. அவன் ஃபோனில், "பழைய செஷனை அழிச்சிட்டுப் புதுசாத் தொறங்க எழில், எல்லாம் சரியாப் போயிடும்," என்றான். செஷன் என்பது எடிட்டர் நினைவில் வைத்திருக்கிற விட்ட இடம்; எந்தக் கோளாறுக்கும் அந்தத் தொழிலில் அதை அழிப்பதுதான் மருந்து. அழித்தால் அவரும் போய்விடுவாரே என்று அவள் கத்தியதும் பையன் ஃபோனை வைத்துவிட்டு நேரில் வந்தான். திரைக்கு வெளியே போய்விட்ட விண்டோவை அம்புக்குறிப் பட்டன்களால் நகர்த்தும் வித்தை ஒன்று உண்டு. அதை அழுத்த அழுத்த வினோத் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்து பால்கனிக் கம்பியில் முட்டி இடித்து நின்றான். மேலும் அழுத்தியதில் முட்டி கன்றியதுதான் மிச்சம், பேச்சு நிற்கவில்லை. பெற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சரவணக்குமார் தன் வீட்டுப் பரணிலிருந்து பழைய திரை ஒன்றைக் கொண்டுவந்து இடதுபக்கம் மாட்டினான். அது அளவில் சிறியது. வினோத் உள்ளே வந்தான், ஆனால் பாதிதான் வந்தான்; தலையும் ஒரு தோளும் சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டு ராணியின் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ராணி பயப்படவில்லை, தாளிக்கிற எண்ணெய் தெறிக்கிறதே என்று அவன் முகத்தில் ஒரு துண்டைப் போட்டாள். கடைசியில் செட்டிங்ஸில் போய்த் திரையின் அளவைப் பழைய திரையின் அளவுக்கே மாற்றி, இன்னொரு தடவை திறந்தார்கள்.

வினோத் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொட்டால் சுட்டது உடம்பு. எழில் ஐயோ என்று அவன் மடியில் விழுந்தாள், லோகநாயகி காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா வர்றேன்னுதான் ஒத்தக்கால்ல நிக்குது மச்சான். எழில் சேக்கமாட்டேங்கறான்னு சொல்லி வச்சிக்கீறேன். இவகிட்ட, அம்மாவுக்கு உன்னக் கண்டாலே ஆவலன்னு சொல்லிட்டேன். ரெண்டும் பேசிக்காத வரைக்கும் நான் ராஜா. கெழவி வந்தா எவன்டா மாத்திர வாங்கிகினு ஆஸ்பத்திரிக்கு அலையறது? அது பாட்டுக்கு அங்கியே கெடந்து சாவட்டும்." கன்னம் குழியச் சிரித்தான். வெளியே இருந்தபோது, பால் மணம் மாறாத சிரிப்பு என்று லோகநாயகி எல்லோரிடமும் காட்டிக்காட்டிச் சொன்னது அந்தச் சிரிப்பைத்தான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மூன்றாவது தடவையும் கேட்டார்கள். சரவணக்குமார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினான். எழில் மடியிலிருந்து எழுந்து தள்ளி நின்றாள். அவளால் மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செத்தவன் மேல் இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. லோகநாயகிதான் முதலில் அசைந்தாள். மேசைக்குப் பின்னால் குனிந்து, எந்த வயர் என்று மருமகளிடம் கேட்டாள். எழில் காட்டினாள். கிழவி பிடுங்கினாள்.

"வெளியவே இருக்கட்டும் இவன்," என்றாள். "அங்க நல்ல புள்ளையா இருந்தான்."

லோகநாயகி அடுத்த வாரமே பெட்டியோடு வந்துவிட்டாள். எழில் அந்தச் செஷனை அழிக்கவில்லை. இருபது ஃபைல் அதில் கிடக்கிறது, வேலை நடக்க வேண்டாமா? வினோத் தினமும் வருகிறான். மழை பெய்தால் நனைகிறான், காக்கை உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று இருக்கிறான். பால்ராஜும் பழகிவிட்டார், வழி கேட்பவர்களுக்கு அவனை அடையாளமாகச் சொல்கிறார். பால்கனியில் கொடி கட்ட இடம் போதாததால் லோகநாயகி நீளக் கொம்பு ஒன்று வாங்கி, கால்மிதிகளைத் துவைத்து அவன் முட்டிமேல் காயப் போடுகிறாள். காற்றோட்டமான இடம், மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. எழில் கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே கார் மேல் விழுந்துவிடும். அதனால் சாயங்காலம் ஆனதும், "அத்தை, மூடப்போறேன்," என்று அவள் உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுக்கிறாள்.