மருந்தில்லாத தோட்டா

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் நாட்டுத் துப்பாக்கிகளை நான் நம்புவதே இல்லை. போர்க்களமோ சிறைச்சாலையோ, கையில் கிடைத்த குழாயைத் துப்பாக்கியாக்கியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்; அவற்றில் பாதி, சுட்டவன் கையையே பதம் பார்த்தவை. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். முதல் சோதனைக்குத் தோட்டாவிலிருந்து ரவையையும் வெடிமருந்தையும் கொட்டிவிட்டு வெறும் கூட்டை வைத்துச் சுடுவோம். அடியிலிருக்கும் பொட்டு மட்டும் வெடிக்கும், ஊசி குத்திய தடம் அதில் பதிந்துவிடும். துப்பாக்கி தாங்கினால்தான் முழுத் தோட்டா.

இந்தத் துப்பாக்கி ஒரு லேத் பட்டறைக்காரனுடையது. பல் டாக்டர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். துப்பாக்கி செய்தது பன்றி விரட்ட, ஆளைச் சுடவில்லை என்று கதறினானாம். எல்லோரும் அப்படித்தான் கதறுவார்கள். குழாய் உள்ளே வழவழவென்று இருந்ததால் ரவைகளில் தடம் எதுவும் இல்லை. பிணத்தருகே கிடந்த காலிக் கூடு ஒன்றுதான் சாட்சி. அதிலுள்ள ஊசித் தடம் பொருந்தினால் அவன் கழுத்துக்குக் கயிறு.

நான் சுட்டுப் பார்த்த கூட்டின் தடத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. முடித்துவிட்டு, பிணத்தருகே கிடந்த கூட்டின் உள்ளே சும்மா விளக்கடித்துப் பார்த்தேன். கரி இல்லை. எரிந்த வாடை இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி பளிச்சென்றிருந்தது. இதனால் ஒரு மனிதர் செத்திருக்கிறார், ஆனால் இதில் மருந்தே எரியவில்லை.

என் சோதனைக் கூடுகளை உறையிலிருந்து கொட்டி எண்ணினேன். மருந்தில்லாமல் சுட்டதை மட்டும் காணோம். கொலைகாரனுடையது என்று இவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது, நானே சுட்ட கூடு. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

உறைகள் இருக்கும் ஸ்டோரின் சாவி ஒருவரிடம்தான் உண்டு. அங்கே பொறுப்பிலிருக்கும் என் வீட்டுக்காரர். வெடிச் சத்தம் ஆகாது என்று அவர் சோதனை அறையை எட்டிப் பார்த்ததே இல்லை. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது; எல்லாக் கூடும் ஒன்றுதான் என்று கைக்கு வந்ததை எடுத்திருப்பார். செத்த டாக்டர் அவருடைய பழைய சிநேகிதர். போன வருஷம் பேச்சு நின்றது. ஏனென்று கேட்டதற்கு என்மேல் எரிந்து விழுந்தார், நானும் விட்டுவிட்டேன்.

ஸ்டோருக்குப் போனேன். உறைகளுக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், பொருந்தியதா என்று கேட்டார்.

"பொருந்திடுச்சுங்க. ஆனா உள்ள மருந்தே எரியல. அது நான் சுட்டது."

அவர் திடுக்கிடவில்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து என்னைத் தாண்டிப் போய் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் முதலில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

என் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு மூன்றாம் மனிதர் பார்ப்பது போலிருந்தது. பிறகு கதவைத் திறந்தார். மாடிப்படி நெடுக அவர் செருப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. நான் திரும்பவில்லை, அழவும் இல்லை.

டைரக்டர் நிமிர்ந்து, என்னம்மா என்றார்.

"லேத்காரன விட்டுடச் சொல்லுங்க சார். சுட்டவர் என் பின்னால நிக்கிறார்."