எட்டில் ஒன்பது பங்கு நடிகை

எட்டில் ஒன்பது, திரும்பக் கூட்டினாலும் எட்டில் ஒன்பதுதான், ஒரு மனுசி எப்படித் தன்னைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க முடியும்... அமலினி பேருந்தின் ஜன்னலோரம் மடியில் கொப்பியை விரித்து, பென்சிலின் பின்முனையால் பின்னங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நடிகை கோரலி பெல்குரின் தகப்பன் வழியில் சிக்கல் இல்லை, கால்வாசி பின்லாந்து, கால்வாசி சிசிலி, நிறம் தீட்டியாயிற்று. தாயின் தகப்பன் பிரெஞ்சுக்காரர், அது இன்னொரு கால். மிச்சக் காலுக்குள்தான் வட அமெரிக்காவின் பெரிய ஏரிக்கரையில் பிறந்த ஒஜிப்வே பழங்குடி அம்மம்மா இருக்கிறாள், அவளுடைய தகப்பனுக்கு எட்டில் ஒன்று, தாய் மார்கரெட்டுக்கு எட்டில் ஒன்று, தாய் ஆஞ்செலிக்குக்கும் எட்டில் ஒன்று. ஒரு இணையத்தளம் மார்கரெட் என்கிறது, இன்னொன்று ஆஞ்செலிக் என்கிறது, நடிகையோ ஒரு பேட்டியில் இரண்டு பேரையுமே அம்மம்மாவின் அம்மாக்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அமலினி முறைப்படி வேலை செய்கிறவள், ஆதாரம் உள்ள ஒருவரை வெளியே விட அவளுக்கு மனம் வராது... ஆனால் முறைப்படி செய்து வந்த விடை இதுவென்றால், பிழை முறையிலா, தன்னிலா?

பலெர்மோவின் ஒரேத்தோ தெருவில் இருக்கும் மாலைப் பள்ளியில் இன்று அவளுடைய முறை. புகழ்பெற்ற ஒருவரின் வம்ச மரத்தை வரைந்து விளக்க வேண்டும். பக்கத்து வாங்கில் இருக்கும் மரியேல், மொரீசியஸ்காரி, ஒரு உதைபந்தாட்டக்காரனைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள், நாலு தலைமுறையும் ஒரே தெரு, அவனுக்குச் சொந்தம் தேட வீட்டுக் கதவைத் தட்டினாலே போதும். எனக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை... எல்லாம் சிஞ்ஞோராவால் வந்தது. லிபெர்த்தா தெருவில் அவள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிய முதியவள், மூன்று மணித் தொடரில் கோரலி வந்தால் எழுந்து போய், பார், இது நம் பலெர்மோ மூக்கு என்று திரையில் விரலை ஊன்றிக் காட்டுவாள், அந்த விரல் தடத்தைத் துடைக்கிற அமலினிக்கும் மெல்ல மெல்ல அந்த மூக்கின் மேல் ஒரு பொறுப்பு வந்துவிட்டது.

மூக்கு கிடக்கட்டும். உண்மையான தலைவலி பரீட்சை விண்ணப்பம். அதில் தாயின் பெயர் என்ற கோட்டில் அவள் இரண்டு பெயர் எழுதியிருந்தாள், மன்னாரில் இருக்கும் பெற்ற தாய் பிலோமினா, மூன்று வயதிலிருந்து வளர்த்துப் பின்பு பலெர்மோவுக்கும் கூப்பிட்டுக்கொண்ட பெரியம்மா அகஸ்ரீனா. பொய் எழுதக் கூடாதே என்ற கவனத்தில் செய்ததுதான். பள்ளி அலுவலகத்துப் பெண் அந்தக் கோட்டைப் பென்சிலால் வட்டமிட்டு, இன்று ஏழு மணிக்குள் ஒன்றை வெட்டாவிட்டால் பரீட்சைப் பட்டியலில் பெயர் ஏறாது என்று சொல்லியிருந்தாள். முந்தாநாள் பெரியம்மாவிடம் சொன்னபோது, என்னை வெட்டு, பெத்தவளை வெட்டலாமோ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவள் சமைத்த மீன்குழம்பில் இரண்டு நாளாக உப்பில்லை. அம்மாவும் என்னையே வெட்டு என்றுதான் சொன்னாள், ஆனால் பதினொரு நிமிடக் குரல்பதிவில் சொன்னாள், அதில் பத்து நிமிடம் பிரசவ வலி.

கைப்பேசி அடித்தது. பெரியம்மா.

"எங்கை நிக்கிறாய்? வெட்டிப்போட்டியே?"

"இல்லை, பஸ்ஸிலை. நடிகையின்ரை கணக்கு இன்னும் சரிவரேல்லை. அவவின்ரை அம்மம்மாவுக்கு ரெண்டு தாய்."

"ரெண்டு பேரும் ஆருக்கு ஆர்?"

கல்யாணம் பேசி வருகிறவர்களிடம் பெரியம்மா முதலில் கேட்கும் கேள்வி அது, சம்பளமெல்லாம் பிறகுதான். அமலினி பக்கத்தைப் புரட்டினாள். இணையத்தில் கிடைத்த கோவில் ஞானஸ்நானப் பதிவிலிருந்து அவளே அழகாகப் பார்த்தெழுதி வைத்திருந்த இரண்டு வரிகள்... இரண்டிலும் ஒரே தகப்பன், ஒரே தாய், மார்கரெட் ஆறு வயது மூத்தவள்.

"சகோதரங்கள் போலை..."

"அப்ப என்ன கரைச்சல்? ஒண்டு தாய், மற்றது பெரியம்மா. மூத்தவள் வளர்த்திருப்பாள். இதுக்கோ ரெண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைச்சனி?"

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. "சரி, மறக்காமல் என்னை வெட்டு," என்று கொஞ்சம் சின்னக் குரலில் சொல்லிவிட்டுப் பெரியம்மா வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமை, இரண்டு நிறப் பென்சில், ஒரு அழிறப்பர்... பெரியம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே இது எனக்கு ஏன் தோன்றவில்லை, கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்கள் தெரியமாட்டார்களோ? ஏரிக்கரையில் மார்கரெட்டும் தங்கச்சியின் பிள்ளையிடம் என்னை வெட்டு என்று சொல்லியிருப்பாளோ, சொல்லிவிட்டு மீனுக்கு உப்புப் போடாமல் விட்டிருப்பாளோ... வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது அவள் இரண்டு பேரையும் வரைந்தாள். எது உண்மையான தாய் என்று ஆசிரியை கேட்டாள். இரண்டு பேரும், என்றாள் அமலினி. கூட்டுத்தொகை? எட்டில் ஒன்பது. வகுப்பே சிரித்தது, மரியேல் மட்டும் சிரிக்காமல், என் வீட்டில் எண்ணினால் எட்டில் பன்னிரண்டு வரும் என்றாள். ஆசிரியை நல்லவள், இரத்த வழியில் வந்தவளுக்குப் பின்னத்தைக் கொடு, மற்றவளை மரத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதிவிடு என்று வழி சொன்னாள். ஓரத்திலா... பெரியம்மாவை எந்த ஓரத்தில் வைப்பது, பேருந்தில் ஒன்றரை இருக்கை எடுக்கிற மனுசியை?

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலக ஜன்னலில் விண்ணப்பமும் பேனாவும் நீட்டப்பட்டன. எது, என்றாள் அந்தப் பெண், அலுத்துக்கொள்ளாமல், ஆனால் கைப்பையைத் தோளில் மாட்டியபடி. ஐந்து நிமிடம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு அமலினி பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். சந்தேகம் வந்தால் ஆவணத்தைப் பார்ப்பது அவள் வழக்கம், பலெர்மோ வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியது. முதல் பக்கம், பெரியம்மா விமான நிலையத்துக்குக் கம்பளிச் சட்டையோடு வந்தா. சரி. பெரியம்மா சப்பாத்து வாங்கித் தந்தா, பெரியம்மாவுக்கு முழங்கால் நோ, அம்மா மன்னாரிலிருந்து கோல் எடுத்தா. தெளிவாக இருக்கிறது, இதைத்தான் தேடினேன்... போன ஞாயிறைப் புரட்டினாள். அம்மா ஏசினா. அம்மா பிறகு அழுதா. அதற்கு முந்தின ஞாயிறும் அம்மா, ஈஸ்டரும் அம்மா, நத்தாரும் அம்மா, பெரியம்மா என்று ஒரு வரிகூட இல்லை. எந்தத் தேதியில் அந்தப் 'பெரிய' உதிர்ந்தது, அவளைக் கேட்காமல், அவளுடைய கையெழுத்திலேயே? விரலை வைத்துப் பின்னோக்கி வரி வரியாகப் போனாள், கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி... ஜன்னலுக்குப் பின்னால் ஒரு விளக்கு அணைந்தது. பேனா இன்னும் மூடி திறந்தபடி கையில் இருந்தது. போன ஞாயிறு ஏசியது யார், அழுதது யார், எழுதியவளுக்கே இப்போது தெரியவில்லை.