கதவைத் தட்டினால் போதும்

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்த சீட்டை வழிகாட்டி எடுத்தபோது மணி பதினொன்று. படித்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். மாமனாரின் கையெழுத்து. அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர் கையெழுத்து எப்படி இருக்கும்? பூச்சி பூச்சியாக, ஆனால் ஒரு கால் ஒடியாமல். “நீ எழுதிய பக்கத்தில் படித்த ஏரி ஊருக்குப் போகிறேன். ஆறு மணிப் பேருந்து. நாளை மாலை திரும்பிவிடுவேன். அங்கே தங்க இடம் இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். ஆகையால் கவலை வேண்டாம்.” முற்றுப்புள்ளிகூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ‘தங்க இடம்’ என்ற இரண்டு சொல்லிலேயே அவள் கண் நின்றது.

வழிகாட்டி என்று அவளுக்குப் பேர் வைத்தது யாரென்று தெரியாது. அடுக்குமாடியில் பதினாறு வீடு, பதினாறிலும் அதுதான் பேர். சின்னச் சின்னக் கிராமங்களுக்குப் போவது எப்படி என்று எழுதிப்போடும் ஒரு பயண இணையதளத்தில் வேலை. எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து, இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்புவது, குடை எடுப்பதா கம்பளி எடுப்பதா, நாய் கடிக்குமா குரைக்க மட்டும் செய்யுமா, எல்லாம் விரல்நுனியில். ஆனால் அம்மணி இதுவரை போய்வந்த தூரத்தைக் கணக்கெடுத்தால், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுதான் பெரும்பயணம். டீசல் வாடை மூக்கில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். புதுப்பெண்ணாக வந்து இறங்கிய அன்றே வாசலில் வாந்தி எடுத்ததைக் கீழ்வீட்டுக்காரி பத்து வருஷமாகியும் நேற்று நடந்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். “ஊருக்கெல்லாம் வழி சொல்றா, தெருமுனைக்கு ஆட்டோல போனா தலை சுத்துது” என்பது அவள் தயாரிப்பு.

அதற்காக வேலையில் குறை சொல்ல முடியாது. பேருந்து அட்டவணையைப் பார்ப்பாள், வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கூரை கூரையாக எண்ணுவாள், ஊர்த் தபாலாபீசுக்கோ கடைக்கோ போன் போட்டுக் கேட்பாள். தெரியாததை எழுத மாட்டாள். ஒன்றே ஒன்றைத் தவிர. அந்தத் தொழிலில் அதற்குக் கண்ணி என்று பேர். போட்டித் தளத்துக்காரர்கள் பக்கம் பக்கமாகத் திருடுகிறார்கள் அல்லவா, அவர்களைப் பிடிக்க ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்னப் பொய்யை ஒளித்துவைப்பார்கள். அதே பொய் இன்னொருவன் பக்கத்தில் தலைகாட்டினால் திருடன் அகப்பட்டான். பொய் யாரையும் வழிதவற விடக்கூடாது என்பது மட்டும் சட்டம். பாறையின் உயரத்தில் இரண்டடி கூட்டலாம், இல்லாத பறவை ஒன்றைப் பறக்க விடலாம். அத்தோடு சரி.

ஏரி ஊரைப் பற்றி எழுதிய அன்று அவளுக்குத் தலைவலி. ‘எங்கே தங்குவது’ என்ற தலைப்புக்குக் கீழே போட ஒன்றுமில்லை. அந்த ஊரில் விடுதியும் இல்லை, சத்திரமும் இல்லை. எந்தத் தலைப்பும் காலியாக இருக்கக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. கண்ணியும் இன்னும் வைத்தபாடில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துவிட்டாள். வரைபடத்தில் ஏரிக்கரை முடிகிற இடத்தில் தனியாக ஒரு கூரை தெரிந்தது. எழுதினாள்: “கரையின் கடைசியில் பச்சைக் கதவு வைத்த வீடு. தனியாக வசிக்கும் பெண்மணி பயணிகளுக்கு இடம் தருகிறார். சுத்தமான படுக்கை, வெந்நீர், காலையில் இரண்டு முட்டை. முன்பதிவு தேவையில்லை. கதவைத் தட்டினால் போதும்.” எழுதி முடித்தபோது அவளுக்கே அங்கே போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது. தலைவலியும் விட்டது.

அந்த வீட்டில் அவள் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஜீவன் மாமனார். கட்டிய கணவன் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருஷத்தில் ஒரு வரி படித்ததில்லை. கிழவரோ ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுக்கச் சொல்லி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். பிழைக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போனாலும் உள்ளே போய்ச் சண்டை பிடிப்பார். அப்பேர்ப்பட்டவர் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, “இருபத்திமூணு பக்கம் படிச்சிட்டேன், என் மருமக எழுத்துல ஒரு பிழை காட்டு பாப்போம்” என்று சவால் விடுவார். மருமகளைக் கரித்துக்கொட்டுவது எப்படி என்று மற்ற வீடுகளில் பாடம் நடக்கும்போது இவர் இப்படி. அவளுக்கு உள்ளுக்குள் அதில் ஒரு பெருமை. வேறு யார் அவளை மெச்சினார்கள்?

இப்போது அவருக்கு எழுபத்திமூன்று வயது. முட்டி இரண்டும் மழைக்கு முன்னால் அறிவிப்புச் செய்யும். மதியம் போட வேண்டிய நெஞ்சு மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. ‘எச்சரிக்கை’ என்ற தலைப்பில் அவள் எழுதியது மட்டும் சத்தியம்: ஏரியைச் சுற்றிக் கைப்பேசி எடுக்காது. ஒன்பது தடவை அடித்துப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். பால்கனிக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் உள்ளே வந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போய் மூட்டிவிட்டு வந்தாள். கணவனுக்குப் போன் போட்டாள்.

“அட, போகட்டும் விடு. வீட்லயே உக்காந்து எல்லார்கிட்டயும் கமா கேட்டுக்கிட்டிருந்தார். அதான் நீயே தங்கற இடம் எல்லாம் போட்டிருக்கியாம்ல? நேத்து சாப்பிடறப்ப சொல்லிக்கிட்டே இருந்தாரு, ரெண்டு முட்டைன்னு.”

“அந்த இடம்...” என்று ஆரம்பித்தாள்.

“நான் இப்ப ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசலாமா?”

தொங்குகிறவனிடம் என்ன சொல்வது? மாத்திரை, துண்டு, நாலு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கீழ்வீட்டுக்காரி கதவை ஒரு சாண் திறந்து, “என்ன, வழிகாட்டியே வழி தேடிக் கிளம்பியாச்சா?” என்றாள். பதில் சொல்லாமல் போனாள். பதில் சொல்லாததே அன்று சாயந்திரம் வரைக்கும் ஏழு வீட்டுக்குத் தீனியானது.

ஒன்றரை மணிப் பேருந்து ஒன்றரைக்கே கிளம்பியது. அவள் எழுதிய அட்டவணை சரி. அதில் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. மூன்றாவது வளைவிலேயே முதல் பை நிறைந்தது. மிச்ச நேரமெல்லாம் இரண்டாவது பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, கிழவர் போய்த் தட்டியிருக்கக்கூடிய கதவுகளை எல்லாம் எண்ணினாள். பூட்டிய கதவு. நாய் கட்டிய கதவு. திறந்து, மேலும் கீழும் பார்த்து, சாத்திக்கொண்ட கதவு. அல்லது கதவே இல்லை. அந்தக் கூரை ஒரு மாட்டுக்கொட்டகை. வாசலில் வெயிலில் குந்தியபடி அவர் பென்சிலை எடுத்து அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடிக்கிறார். அவருடைய நெஞ்சு வலியைவிட அந்தக் கோடுதான் அவள் நினைப்பில் அடிக்கடி வந்தது. வந்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மூன்றாவது பையை எடுத்தாள்.

நாலேகாலுக்கு இறங்கினாள். கடையைத் தாண்டி இடப்பக்கம், அப்புறம் ஏரிக்கரை. எல்லாம் எழுதியபடியே இருந்தது. இருபது நிமிட நடை என்று போட்டிருந்தாள். கரை மேடும் பள்ளமுமாக, ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் நீண்டுகொண்டே போனது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தாள் ஆழத்துக்குச் சரிவு. வரைபடத்தில் இது ஒரு நூல் மாதிரி அல்லவா இருந்தது? ஓட்டமும் நடையுமாகப் போயும் முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்த வழியில் அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் எப்படிப் போனார்? அவளையும் அறியாமல் சரிவில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கரையின் கடைசியில் வீடு இருந்தது. வாசலில் ஒரு நாற்காலி, அதில் பிழைக்காரர். காலை ஒரு முக்காலியில் நீட்டி, மடியில் அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு, தலை கலைந்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அவளைப் பார்த்ததும் ஆச்சரியமே இல்லை.

“வந்துட்டியா? நல்லவேளை. ஒரு பிழை புடிச்சிட்டேன்மா!” தாளைத் தூக்கிக் காட்டினார். “பச்சைக் கதவுன்னு போட்டிருக்க. பாரு, பழுப்பு. திருத்திட்டேன். நடையும் இருபது நிமிஷம் இல்ல, எனக்கு ஒரு மணி ஆச்சு. அதை வயசுக்குன்னு விட்டுட்டேன்.”

அவள் மாத்திரையை நீட்டினாள். வீட்டுக்குப் பக்கத்தில், ஏரி மதகின் மேல் இரும்புச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகுக்காரி. ஐம்பது வயதிருக்கும். தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள்.

“இவங்களும் தங்கறவங்களா?” என்றாள் மதகுக்காரி.

“தங்கறவளா? எழுதினவளே இவதாங்க! என் மருமக!” பிழைக்காரரின் குரல் ஏரியில் பட்டுத் திரும்பியது.

சக்கரம் நின்றது. மதகுக்காரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அந்த நேரத்தில் வழிகாட்டிக்கு ஊரில் உள்ள எல்லாப் பேருந்து நேரமும் மறந்துபோனது.

“நீதானா? ரெண்டு வருஷமா உன்னத்தான் தேடறேன். நான் பாட்டுக்கு மதகு உண்டு நான் உண்டுன்னு கெடந்தேன். திடீர்னு ஒருத்தன் வந்து படுக்கை எங்கேங்கறான். ஒருத்தி வெந்நி சூடு போதலைங்கறா. கதவு பச்சையா இல்லையேன்னு என் வீட்டு வாசல்ல நின்னு என்கிட்டயே சண்டை. முட்டை வேற! என்கிட்ட கோழியே இல்ல தாயே. கடைக்காரன்கிட்ட போய் நிக்கறேன், அவன் கேக்கறான், ‘என்ன, ஓட்டல் எப்படிப் போகுது’ன்னு.”

பிழைக்காரர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. மருமகளைப் பார்த்தார். அச்சுக்கோப்பில் ஒரு எழுத்து தலைகீழாக நிற்பதைக் கண்டுபிடிக்கிற பார்வை அது.

“மாமா,” என்றாள் வழிகாட்டி. “நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல.”

“அது தெரியாதா? பஸ்ஸைப் பாத்தாலே உனக்கு ஆகாது. போன்ல விசாரிச்சு எழுதியிருப்ப.”

“விசாரிக்கவும் இல்ல. அது கண்ணி. நானா வச்ச பொய்.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். தாளில் அந்தப் பத்தியை உதடு அசைய முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பென்சில் முனை அதன் மேல் நின்றது. அடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

“அப்போ,” என்றார் மதகுக்காரியைப் பார்த்து, “நீங்க எதுக்கு எனக்குச் சோறு போட்டீங்க? கட்டில் போட்டுக் குடுத்தீங்க?”

“பின்ன? வேர்த்து விறுவிறுத்து வந்து கதவத் தட்டறீங்க. ஏரிக்குள்ள புடிச்சுத் தள்ளவா?” மதகுக்காரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “மொத தடவை வெளக்குமாத்தத் தூக்கினேன். அந்தாளு கால் பூரா கொப்புளம். அப்புறம் எங்க தூக்கறது?” சொல்லிவிட்டு வழிகாட்டி பக்கம் திரும்பினாள். “நல்லா என்னப் படுத்திட்ட.”

“அதை எடுத்துடறேங்க. ஊருக்குப் போனதும் மொத வேலை.”

“எடுப்பியோ, வைப்பியோ. அதெல்லாம் அப்புறம்.” மதகுக்காரி கரையின் பக்கம் மோவாயை ஆட்டினாள். “அதோ, உன் ஆளுங்க வர்றாங்க. இத்தனை நாள் நான் பதில் சொன்னேன். இன்னிக்கு நீ போய் சொல்லு.”

கரையில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள், முதுகில் மூட்டை மூட்டையாகப் பையோடு. அவள் வந்த அதே பேருந்தில்தான் வந்திருக்க வேண்டும். பைக்குள் தலையை விட்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆணும் பெண்ணும். பெண் கொஞ்சம் நொண்டினாள். வழிகாட்டி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. முட்டிகளை மெல்லத் தேய்த்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காது கொடுப்பவர்போல் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

அவள் கரையில் ஏறி நடந்தாள். என்ன சொல்வது? கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு. இப்போது அவர்கள் திரும்பி ஓடினாலும், அதுவும் அந்தக் காலோடு, பிடிக்க முடியாது. அந்தக் கணக்கை அவளைவிட நன்றாக யார் போட முடியும்? காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாக அவள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. எதிரே வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள். நொண்டிய பெண்ணின் முகம் சட்டென்று மலர்ந்தது. வீட்டுக்காரி எதிர்கொண்டு அழைக்கவே வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை உயர்த்தி ஆட்டினாள். ஒருவருக்கு ஒருவர் ஒதுங்க இடமில்லாத அந்தக் கரையில் மூன்று பேரும் நெருங்கிக்கொண்டே இருந்தார்கள்.