கம்ப்யூட்டர் தலையில் ஐந்து பொட்டலம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு நான் சந்தைக்குப் போய், மீனுக்குப் பேரம் பேசி, தோற்று, திரும்பி வந்து, குளித்துத் தலை துவட்டி உட்காரலாம். அப்போதும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே தலைசுற்றல் வந்தவன் சியாயி நகரத்தில் நான் ஒருவன்தான்.

மெதுவாக இருப்பதை மன்னித்துவிடுவேன். தபால் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்தியவன் நான், எனக்கே மெதுவா? ஆனால் இது வேலையைத் தொடங்கினால் ஏழு நிமிடம் ஓடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். அதுதான் சங்கடம்.

ஏனென்றால் மறுநாள் மதியம் என் மனைவி சியூ-லுவானின் அக்கா பாவ்-யுன்னுக்குக் கல்யாணம். வயது அறுபத்தெட்டு, இரண்டாம் கல்யாணம், இருபது மேஜை விருந்து. "உன் போட்டோ எல்லாத்தையும் கோத்துப் படமா ஓட்டறேன்க்கா" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அக்கா அதை இருபது மேஜைக்கும் சொல்லிவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு போட்டோவும் வரிசையாகக் கோத்தாகிவிட்டது. அதை ஒரே படமாகச் சேமிக்க நாற்பது நிமிடம் வேண்டும். எங்களிடம் இருந்தது ஏழு.

"பேசாம ஹுங் முதலாளியம்மாவக் கூப்பிடுங்க" என்றாள் சியூ-லுவான். ஹுங், சந்து முனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரி.

"எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

"போன தடவ நீங்க பாத்துக்கிட்டதுல ஃப்ரிட்ஜ் போச்சு."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டாட்டம் ஒன்றை அழித்தேன். வைரஸ் தடுப்பான் ஏற்கெனவே இரண்டு இருந்தது, மூன்றாவதாக ஒன்று ஏற்றினேன். பெட்டியைத் தட்டினேன், கெஞ்சினேன். பிறகுதான் பெட்டியின் மேலே இருந்த குவாய்-குவாய் பொட்டலத்தைக் கவனித்தேன். எங்கள் ஊரில் இயந்திரம் ஓடும் இடமெல்லாம் இந்தப் பச்சைப் பொட்டலம் இருக்கும். உள்ளே தேங்காய் வாசனைச் சோளப்பொரி. பெயருக்கு 'சமர்த்து, சமர்த்து' என்று அர்த்தம், அது இருந்தால் இயந்திரமும் சமர்த்தாக ஓடும் என்று நம்பிக்கை. பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது.

தேதி தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது! காவல்காரனே செத்துக் கிடந்தால் வீடு என்ன ஆகும்?

ஓடிப்போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து, "நாளைவரை சமர்த்தாக இரு" என்று பேனாவால் எழுதி அதே இடத்தில் வைத்தேன். பதினொரு நிமிடம் ஓடியது! நான் கடைக்குப் போன நேரத்தில் பெட்டி ஆறியிருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? ஒரு பொட்டலத்துக்குப் பதினொன்று என்றால் ஐந்துக்கு ஐம்பத்தைந்து. நாலு வாங்கி வந்து அடுக்கினேன்.

மூன்று நிமிடத்தில் அணைந்தது.

"கம்ப்யூட்டர் மேல மளிகைக் கடையா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சியூ-லுவான் ஹுங்குக்குப் போன் போட்டாள்.

அவள் வருவதற்குள் நான் மறுபடி பொத்தானை அழுத்தியிருந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த ஹுங் ஐந்து பொட்டலத்தையும் பார்த்தாள். "யாருக்குப் பொறந்த நாள்?" என்றவள், ஒவ்வொன்றாகக் குனிந்து தேதி படித்தாள். "தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. மொதல்ல மெஷின அணைங்க மாமா. ஓடறப்ப பொட்டலத்துல கை வைக்க மாட்டேன், எங்கம்மா மேல சத்தியம்."

"ரெண்டு நிமிஷம் பொறு. அதுவே அணைஞ்சுக்கும்."

அணைந்தது. அவள் பொட்டலங்களை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் உச்சியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜியென் மாமா, இதோ சல்லட மாதிரி ஓட்ட இருக்கே, எதுக்கு?"

"அழகுக்கு."

"சூடு வெளிய போறதுக்கு! அது மூஞ்சியில அஞ்சு தலகாணிய வெச்சு அமுக்கிட்டு, சமர்த்தா இருன்னு எழுதி வேற வெச்சிருக்கீங்க."

சியூ-லுவான் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு நாய் குரைத்தது.

பெட்டியை வாசலுக்குத் தூக்கிப்போய் ஹுங் காற்றடித்தாள். வந்த தூசியில் சந்து இருட்டிவிட்டது. ஸ்கூட்டர்காரர்கள் விளக்கைப் போட்டார்கள். எங்கள் பூனை போய் இரண்டு வருடம் ஆகிறது, அதன் முடி மட்டும் விசிறிக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பிறகு திரையைப் பார்த்தாள். "மூணு வைரஸ் தடுப்பானா? மூணு வாட்ச்மேனும் வாசல்ல நின்னு ஒருத்தர ஒருத்தர் சோதன போட்டுக்கிட்டிருக்காங்க. அப்புறம் யாரு உள்ள வர்றது?" இரண்டைத் தூக்கினாள். ஒரு பொட்டலத்தை மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில், ஓட்டையை மறைக்காமல், நிற்க வைத்தாள். வைக்காமல் விட அவளுக்கும் மனசில்லை.

முப்பத்தெட்டு நிமிடம். மூவரும் மூச்சுவிடவில்லை. படத்தை முழுசாகச் சேமித்தாகிவிட்டது.

மறுநாள் விருந்தில் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். பாவ்-யுன் அக்கா தொட்டிலில் அழுதார், பள்ளிக்கூடத்தில் முறைத்தார், பத்தொன்பது வயதில் இரவல் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். திரை கறுத்தது. சியூ-லுவான் என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஓட்டல்காரர்களின் புரொஜெக்டர் மேல், சூடு போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு, கொழுகொழுவென்று ஒரு பச்சைப் பொட்டலம்.

எழுந்து பாய்ந்தேன். "ஐயா, அதத் தொடாதீங்க!" என்று பரிமாறுகிறவர் இறால் தட்டோடு ஓடி வந்தார்.

"அணைஞ்சுதான இருக்கு, தொடலாம்" என்று இரண்டு கையாலும் எடுத்துப் பக்கத்தில் நிற்க வைத்தேன். அது ஆறும்வரை அக்கா மைக்கைப் பிடித்து, அந்த மோட்டார் சைக்கிளில் எங்கே விழுந்தார் என்பதை நடித்தே காட்டினார். பிறகு படம் மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்கி மாப்பிள்ளை வரைக்கும் தடங்கலில்லாமல் ஓடியது. அக்கா தங்கையின் கையை விடவே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று மீதிப் பொட்டலங்களைச் சிவப்புப் பையில் கொண்டு வந்திருந்தேன். அக்கா அதிலிருந்து ஒன்றை உருவினார், தேதியைப் பார்த்தார், பேனா வாங்கி "ஆயுசு முழுக்க" என்று எழுதி மாப்பிள்ளையின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

மாப்பிள்ளை வேய், எழுபது வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சமர்த்தா இருக்கேன். தலமேல மட்டும் வெச்சிடாத!"