முதலில் பேசுகிறவள்

என் அப்பாவோடு போக்கர் ஆடுவதில் ஒரு வம்பு உண்டு. சட்டம் எல்லாம் அவர் போட்டதுதான். ஜெயித்தவர்தான் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட வேண்டும் என்பது அதில் முதல் சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டே பேர் ஆடும்போது, நடுவில் சீட்டு திறந்த பிறகு, சீட்டுப் போட்டவர் கடைசியாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் முதலில் வாயைத் திறந்தாக வேண்டும். கட்டுகிறேனா, சும்மா விடுகிறேனா என்று நான் சொல்லித் தொலைத்த பிறகு, அவர் நிதானமாக என் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பார். ஜெயிப்பார். மறுபடியும் அவரே சீட்டுப் போடுவார். விடிய விடிய ஆடினாலும் நான்தான் முதலில் பேசுகிறவள்.

அப்பா பஞ்சாட்சரம் இருபத்திரண்டு வருஷம் பாலவாக்கத்தில் ஒரு பங்களாவில் டிரைவர். அந்த வீட்டில் சனிக்கிழமைதோறும் போக்கர் நடக்கும். ஆள் குறைந்த ஒரு நாள் முதலாளி விளையாட்டாக இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாலைந்து மாதம் கழித்து, "டிரைவர் ஆடறதா இருந்தா நான் வரல" என்று ஒரு தொழிலதிபர் சொல்லி அனுப்பினாராம். தன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே விருது அதுதான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் சீட்டைப் பார்த்து ஆடுகிறவர் இல்லை, ஆளைப் பார்த்து ஆடுகிறவர். கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றுவார், எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்க்கும் வரை ஏற்றிக்கொண்டே போவார். நான் தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு முகம் பார்க்கிறேன். ஆனாலும் இந்த ஒரு முகத்தில் எனக்கு எதுவும் தெரிந்ததில்லை.

ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்து, எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பி ஆறு வருஷம் ஆகிறது. அங்கிருந்து பஸ்ஸில் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அப்பாவுக்கு வயிறு கலங்கிவிடும். அதனால் சிகிச்சை நடக்கும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை எடுத்திருந்தோம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அம்மாவின் ஸ்டவ். கடையில் தைக்கும் இடத்தில் மிஞ்சும் பொத்தான்களை ஒரு கவரில் கொண்டுவந்து வைத்திருந்தேன். ஆளுக்கு ஐம்பது பொத்தான், அதுதான் எங்கள் பந்தயம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். அப்பா வெளியே நாற்காலியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஈரலில் பரவியிருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று சொன்ன புது ஊசி குணப்படுத்துவதற்கு இல்லை, நாளைத் தள்ளிப்போடுவதற்கு. போட்டால் எட்டு மாதம் இருக்கலாம், போடாவிட்டால் ஐந்து. போட்டால் அந்த எட்டில் பாதி படுக்கையில் போகும். "அவர்கிட்ட சொல்லிடறது நல்லதும்மா. முடிவு அவரும் எடுக்கணும்," என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா இரண்டு தடவையும் கையெடுத்துக் கும்பிட்டாள், "வேணாம் சார், அந்த வார்த்தை காதுல விழுந்தா அன்னைக்கே போய்டுவாரு. நாங்களே பக்குவமா பாத்துக்கறோம்," என்றாள்.

வெளியே வந்ததும் மருந்துக் கடை வரிசையில் என் வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லு. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்பாவிடம் போய், "புது மருந்து வந்துகீதாம், நல்லா கேக்குமாம்," என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனாள். எங்களுக்கு முருகன்தான் குலசாமி. ஆனால் உடம்புக்கு என்றால் அம்மாவுக்கு வேளாங்கண்ணி. அவள் படி இறங்கியதும் அப்பா தலையணைக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் என் பொத்தான்களில் பாதி அவர் பக்கம் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, ஆனால் சீட்டைக் கலைக்கும் வேகம் குறையவில்லை.

"நிலா, இந்த ஆட்டத்துக்கு பொத்தான் மட்டும் இல்ல," என்றார்.

"வேற இன்னா?"

"நான் ஜெயிச்சா, வெள்ளிக்கெழம டாக்டர் உள்ள இன்னா சொன்னாருன்னு நீ சொல்லணும். நீ ஜெயிச்சா நான் வாயே தொறக்க மாட்டேன். நாளைக்கு போய் கைய நீட்டுவேன். இன்னா மருந்து, எதுக்கு, ஒண்ணியும் கேக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேணாம் நைனா. ஒயுங்கா ஆடு."

"ஏன் வேணாம்?"

மாட்டிக்கொண்டேன். நல்ல சேதியாக இருந்தால் பந்தயம் எதற்கு, சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாமே. வேண்டாம் என்பதே ஒரு பதில். "சரி, போடு," என்றேன். தோற்றால் ஏதாவது பொய்யைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. எனக்கு இரண்டு ஒன்பது. நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார். கிளாவர் ராஜா, டைமண்ட் ஒன்பது, ஆர்ட்டின் நாலு. அப்படியானால் என்னிடம் மூன்று ஒன்பது. வழக்கம்போல் நான்தான் முதலில் பேச வேண்டும். "செக்," என்று சும்மா விட்டேன். அவர் ஐந்து பொத்தானைத் தள்ளினார். நானும் ஐந்து வைத்தேன்.

அடுத்த சீட்டு இஸ்பேட் நாலு. மூன்று ஒன்பதும் இரண்டு நாலும் என்னிடம் சேர்ந்துவிட்டன. "செக்." அவர் பத்து தள்ளினார். நானும் வைத்தேன். கடைசிச் சீட்டு ஒரு உதவாத இரண்டு. "செக்," என்றேன். அப்பா தன் பக்கம் இருந்த பொத்தான் குவியல் மொத்தத்தையும் உள்ளங்கையால் நடுவில் தள்ளினார்.

"ஆல்-இன்."

என்னை வெட்ட வேண்டுமானால் அவர் கையில் இரண்டு ராஜா இருக்க வேண்டும், இல்லை மிச்சமிருக்கும் இரண்டு நாலும் இருக்க வேண்டும். இரண்டும் நடக்காத காரியம். இருபத்தாறு வயதில் முதல் தடவையாக அப்பாவின் கையை நான் படித்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் பொத்தானை வைத்து "கால்" என்று சொன்னால் போதும். அம்மாவுக்குச் செய்த சத்தியமும் நிற்கும், அப்பா வாயும் மூடும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. எப்போதும் அந்தப் பார்வையில் ஒரு குறும்பு இருக்கும். அன்றைக்கு இல்லை. கையில் எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, நான் கவிழ்க்க வேண்டுமே என்று காத்துக்கொண்டிருந்த ஒரு மெலிந்த மனிதர்தான் எதிரில் இருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டில் வேண்டுமானால் நான் முதலில் பேசுகிறவள். இந்த மூன்று நாளாக முதலில் பேசுகிறவர் அவர். நானும் அம்மாவும் எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதற்குத் தகுந்தபடி பேசிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு ஊசிக்குக் கை நீட்டப்போவது அவர், ஆனால் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும் காட்டவில்லை. இதைவிடக் கேவலமாக யாரும் யாரோடும் ஆட முடியாது. வெட்கமாக இருந்தது.

இரண்டு ஒன்பதையும் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினேன்.

"ஃபோல்ட்."

அப்பா பொத்தான்களைத் தொடவில்லை. நான் கவிழ்த்த சீட்டின் மேல் விரலை வைத்தார். திருப்பிப் பார்க்கவில்லை.

"கெட்ட கைன்னா நீ இவ்ளோ நேரம் யோசிக்க மாட்டியே."

"நல்ல கைதான்."

"தெரிஞ்சேதான் கவுத்துட்டியா?"

"ஆமா நைனா."

அவர் தன் சீட்டையும் என் சீட்டையும் சேர்த்துக் கட்டுக்குள் சொருகினார். "சரி. சொல்லு," என்றார்.

பொய் எதுவும் வாயில் வரவில்லை. ஈரலைச் சொன்னேன். எட்டு மாதத்தையும் ஐந்து மாதத்தையும் சொன்னேன். பாதி நாள் படுக்கையில் போகும் என்பதைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ததையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் செய்ய முடியாமல் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு," என்றார் கடைசியில். "நான் மூணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் அழுதேன். அவர் அழவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நாளைக்கு வேணாம். நானே அம்மாகிட்ட சொல்றேன். ஊட்டுக்கு போய்டலாம். இஸ்டப்பட்டத துன்னு, இஸ்டப்பட்ட எடத்துக்கு போ," என்றேன்.

"நாளைக்கு போறேன்."

"இன்னாத்துக்கு?"

"தேவானைக்காக. உங்கம்மாகிட்ட எட்டு மாசம்னு சொல்லிக்கீறாங்க இல்ல. அஞ்சோட நான் எய்ந்து போனா மிச்சம் மூணு மாசத்துக்கு அவ தலையில அடிச்சிக்கினு கெடப்பா. ஊசி போட்டிருந்தா இருந்திருப்பாரேன்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போ எதுக்கு கேட்ட? அம்மாவுக்கு பண்ண சத்தியத்த நான் எதுக்கு ஒடச்சேன்? போறதுன்னு முடிவாயிட்ச்சுன்னா தெரியாமயே போயிருக்கலாம் இல்ல?"

"சீட்டப் பாக்காம ஆல்-இன் போறவன் லூசு, நிலா. பாத்துட்டு போறேன். அவ்ளோதான்."

அப்பா என் வலது கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது. முடி கொட்டி வழுக்கையாகிப்போன தன் தலையில் என் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கு தெரியும்னு அவளுக்கு தெரியக் கூடாது. காலையில எய்ந்து எம்மூஞ்சிய பாத்து சிரிக்கறா பாரு, எனக்கு தெரியாதுன்ற தெம்புலதான் சிரிக்கறா. அது போச்சுன்னா அவ படுத்துடுவா. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

கையை இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அந்த உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

அம்மா வரும்போது நாங்கள் சீட்டாடிக்கொண்டுதான் இருந்தோம். அப்பா நெற்றியில் மாதா கோயில் எண்ணெயைத் தடவினாள். "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள். "உம் பொண்ணுக்கு இன்னும் தைரியம் பத்தல," என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே அவர் குளித்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், அது தோளில் நிற்காமல் சரிந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்றார். வழியெல்லாம் அம்மாவின் நடையைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். வார்டு வாசலில் அவர் பெயரைக் கூப்பிட்டதும், நர்ஸ் கொண்டுவந்த சக்கர நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"தேவானை, நாலு ஊசி. அப்புறம் பாரு, உன்ன வண்டியில வெச்சி மாமல்லபுரம் இட்டுக்கினு போறேன்."

"போவலாம் போவலாம், மொதல்ல உள்ள போ," என்று அம்மா சிரித்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து போனார். கதவு சாத்திக்கொண்டது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்டி நடந்து போறாரு பாத்தியா? இதுக்குத்தாண்டி சொல்லாத சொல்லாதன்னு அடிச்சிக்கினேன். தெரிஞ்சிருந்தா இந்த மனுசன் இப்டி நடப்பாரா?"

"நடக்க மாட்டாரும்மா," என்றேன்.