இரண்டாவது முத்திரை

பிப்ரவரியில் ரோட்டர்டாம் டிராம்களில் சீட்டை ஒழித்தார்கள். அதுவரை இருந்தது நீளமான காகிதச் சீட்டு, குறுக்கே கோடு போட்டுக் கட்டம் கட்டமாக இருக்கும். போகும் தூரத்துக்கு ஏற்றபடி கட்டங்களை மடித்து நீட்டினால் கண்டக்டர் முத்திரை குத்துவார். இரண்டு பேர் போனால் ஒரே சீட்டில் இரண்டு முத்திரை. வெசலும் மார்லூஸும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வேலைக்குப் போனார்கள்.

சீட்டு எப்போதும் வெசலின் சட்டைப்பையில்தான் இருக்கும். மார்லூஸிடம் கொடுத்தால் போச்சு. குடை, கையுறை, வீட்டுச் சாவி என்று எதையும் தொலைக்காமல் விட்டுவைக்காதவள். ஒருமுறை கடைக்கு சைக்கிளில் போய்விட்டு நடந்து வந்தாள். சைக்கிள் எங்கே என்று அவன் கேட்ட பிறகுதான் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

அவர்கள் ஏறும் நாலாம் எண் டிராமில் இல்டா கண்டக்டர். பின்கதவருகே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். கேப் வெர்டே தீவுகளிலிருந்து சின்ன வயதில் வந்தவள், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாய் ஓயாது.

"என்ன கண்ணு, இன்னிக்காவது ஒன் வீட்டுக்காரர் சரியா மடிச்சாரா?"

"எங்க! அணை கட்டுற இஞ்சினியரு, ஒரு காயிதம் மடிக்கத் தெரியல" என்பாள் மார்லூஸ்.

"நான் அணை கட்டல. அணைக்கு மண்ணு சோதிக்கிறேன்."

"பாத்தீங்களா, கையில மண்ணு. அதான் காயிதம் கசங்குது."

இல்டா சிரித்துக்கொண்டே டக், டக் என்று இரண்டு குத்து குத்துவாள். மார்லூஸ் ஜன்னலோரம். வெசல் இந்தப் பக்கம். ஏன்ட்ராக்ட்ஸ்ப்ளைன் சதுக்கம் வந்ததும் அவன் முழங்காலை ஒதுக்குவான், அவள் தாண்டி இறங்குவாள். சதுக்கத்தின் அந்தப் பக்கம் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை. அவன் இன்னும் சில நிறுத்தம் போக வேண்டும்.

போன மார்ச்சில் ஒரு நாள் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வெசல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முப்பத்தொன்று.

அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் கேக்கும் அவனே எடுத்துக் கொடுத்தான். அழவில்லை. மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அழக்கூடாது என்று அவன் ஒன்றும் தீர்மானம் செய்துகொள்ளவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

கடையில் சாய்ந்த நாள் காலை அவள் என்ன சொல்லிவிட்டு இறங்கினாள் என்பதுதான் அவனுக்கு நினைவுக்கு வரவே இல்லை. சிரித்தாளா, கையசைத்தாளா, ஒன்றும் தெரியவில்லை. தினமும் இறங்குகிறவள், யார் கவனித்தார்கள்? அன்றைக்குக் குத்திய சீட்டு இன்னும் அவனிடம் இருந்தது. அவள் ஏறியதற்கு முத்திரை இருந்தது. இறங்கியதற்கு எதுவும் இல்லை. யார் எங்கே இறங்கினார்கள் என்று காகிதம் குறித்துவைப்பதில்லை.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் அவன் சீட்டை நீட்டியதும் வாய் தானாகவே "ரெண்டு பேருக்கு" என்றது. இல்டா டக், டக் என்று குத்திவிட்டு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் ஒரு முத்திரை குத்திவிட்டு, கையைத் தூக்கியபடியே காத்திருந்தாள். "ரெண்டு" என்றான். குத்தினாள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே ஓடிற்று. அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஜன்னலோரத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொள்வான். அதற்குச் சீட்டு எடுத்திருந்தான்.

சீட்டின் கடைசி நாளில் இல்டா முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

"நாளையிலேர்ந்து எனக்கு இந்த வேல இல்ல ராசா. சும்மா ஒக்காந்து, சீட்டுக்குப் பதிலா வர்ற கார்ட மெஷின்ல எப்படி வைக்கணும்னு சனங்களுக்குச் சொல்லித் தரணுமாம். கொஞ்ச நாள்ல கூண்டையும் எடுத்துருவாங்க. கார்டு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"எத்தன?"

"ஒண்ணு."

இல்டா அவன் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஏறியதும் கதவருகே இருந்த மெஷினில் கார்டை வைத்தான். ஒரு பீப். 'நல்ல பயணம்' என்று எழுத்து ஓடிற்று. அவன் கை பழக்கத்தில் இன்னொரு தரம் வைத்தது. இரண்டு பீப். 'மீண்டும் சந்திப்போம்' என்றது. புது மெஷின், ஏதோ சொல்கிறது என்று நினைத்துப் போய் உட்கார்ந்தான்.

இரண்டு நிறுத்தம் தாண்டி மஞ்சள் அங்கி போட்ட செக்கிங் பையன் ஏறினான். பெயர் யெல்மர் என்று நெஞ்சில் குத்தியிருந்தது. வெசலின் கார்டை வாங்கிக் கைக்கருவியில் வைத்தவன் புருவத்தைத் தூக்கினான்.

"சார், நீங்க டிராம்லயே இல்ல."

"என்ன?"

"ஏறின ஒடனே எறங்கிட்டீங்கன்னு காட்டுது. ரெண்டு தடவ வச்சீங்களா?"

"ஆமா. ரெண்டு பேருக்கு."

யெல்மர் ஜன்னலோரத்து இருக்கையைப் பார்த்தான். பை இருந்தது.

"இன்னொருத்தர் எங்க சார்?"

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "ஏம்பா, ஆளு கண்ணு முன்னால ஒக்காந்திருக்காரு. அவர நம்புவியா, ஒன் டப்பாவ நம்புவியா?"

"டப்பா சொல்றதத்தான் சார் நான் எழுதணும். ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். ரெண்டாவது தடவ வச்சா எறங்கினதாத்தான் அர்த்தம்."

இல்டா கூண்டை விட்டு வெளியே வந்தாள்.

"யெல்மர், அபராதப் புஸ்தகத்த உள்ள வையி."

"ரூல்னு ஒண்ணு இருக்கேக்கா."

"மொத வாரம் எழுதாத, எடுத்துச் சொல்லுன்னு ஒனக்கு யாரு பாடம் எடுத்தா? நான்தான? சொல்லிட்டல்ல, போ. அங்க முன்னால ஒருத்தரு மெஷினப் பணப்பையால இடிச்சிட்டிருக்காரு, அவரப் போய்ப் பாரு."

பையன் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்னா குத்திடுவேன் ராசா. இந்த மெஷின்கிட்ட பேச முடியாது."

"தெரியுது."

"ஒரு தடவ மட்டும் வையி. இல்லியா, இன்னொரு கார்டு வாங்கிக்கோ. இனிமே ரெண்டுல ஒண்ணுதான்."

மறுநாள் ஒரே ஒரு தரம் வைத்துப் பார்த்தான். கை மறுபடி கிளம்பியது. அதைக் கோட்டுப்பைக்குள் திணித்துக்கொண்டான். கதவு மூடி டிராம் நகர்ந்ததும் திரும்பி நிறுத்தத்தைப் பார்த்தான். பனி பெய்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவளைப் பனியில் நிறுத்திவிட்டு வந்ததுபோல இருந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஆபீஸ் வரை நடந்தான்.

மாலையில் சென்ட்ரல் ஸ்டேஷனில் கார்டு விற்கும் ஜன்னலுக்குப் போனான்.

"இன்னொரு கார்டு வேணும். என் மனைவிக்கு."

"பேரும் போட்டோவும் போட்டுத் தரவா, வெறும் கார்டா?" என்றாள் அங்கிருந்த பெண். "பேர் போட்டதுன்னா, தொலைஞ்சாலும் வேற வாங்கிக்கலாம். வெறும் கார்டு தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அவங்க பொருள பத்திரமா வச்சுக்கிறவங்களா?"

"இல்ல. எல்லாத்தையும் தொலைப்பா."

"அப்போ பேர் போட்டுக்கங்க சார். ஒரு கையெழுத்துக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க, போதும்."

வெசல் பணப்பையை எடுத்துத் திறந்தான். பின்னால் வரிசை நெளிந்தது.

"வெறும் கார்டே குடுங்க" என்றான்.

மறுநாள் காலை முதலில் தன் கார்டை வைத்தான். நல்ல பயணம். பிறகு அவள் கார்டை வைத்தான். நல்ல பயணம். மெஷின் மறுபேச்சுப் பேசவில்லை. பையை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. இனி இப்படியே போகலாம் என்று நினைத்தான்.

இல்டா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இரண்டு கார்டு வைத்ததைப் பார்த்திருக்கிறாள்.

"எறங்கும்போதும் வைக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும். எறங்கும்போது வைக்கிறேன்."

"ஒன்னோடதச் சொல்லல ராசா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இல்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மார்லூஸின் நிறுத்தத்தை அறியாதவளா?

இதை அவன் யோசிக்கவே இல்லை. ஏறுவதை மட்டுமே நினைத்திருந்தான். காகிதச் சீட்டில் ஏறினால் போதும். அதில் மார்லூஸ் இந்த ஒரு வருஷமாக இறங்கவே இல்லை. இந்தக் கார்டில் அவளை அவனேதான் இறக்கிவிட வேண்டும். இன்று மட்டும் இல்லை, தினமும்.

டிராம் திரும்பியது. சதுக்கம் வந்தது. கதவு திறந்தது. வெசலின் முழங்கால் தானாக ஒதுங்கிக்கொண்டது. யாரும் தாண்டிப் போகவில்லை.

எழுந்தான். கதவருகே போனான். எதிரே கண்ணாடிக் கடையில் யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் கார்டை வெளியே எடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" கீழே குழந்தை வண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். "குளிர்ல நிக்கிறோம், கதவ மறிச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

கார்டை வைத்தான். இரண்டு பீப். 'மீண்டும் சந்திப்போம்.'

"நான் எறங்கல" என்றான் அந்தப் பெண்ணிடம். "என் மனைவி எறங்கினா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வண்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். வெசல் ஒரு கை கொடுத்தான். கதவு மூடியது. சதுக்கம் பின்னால் போயிற்று, கடை விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

திரும்பி வந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போயிற்று. அவன் தோள் குலுங்கியது. இல்டா வந்து, காலியாக இருந்த இந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம் வரை அங்கேயே இருந்தாள்.