ஏரிக்கரைக்கு ஒரு கிடாரம்

ஏரிக்கரையில் ஒரு மரவீடு, இரண்டு நாள், இரண்டே பேர். கொலோன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் அன்ரனிற்றா இதை மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தாள். காட்டுப் பாதையில் நடப்பதற்கென்று புதுச் சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வேலை முடிந்து வந்தபோது, கணவன் பென்ஜமின் கார் டிக்கியில் பெரிய சமையல் கிடாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“இது என்னத்துக்கு?”

“அண்ணை குடும்பமும் மச்சாளாக்களும் வருகினம். சொல்லாமல் போனால் குறை நினைப்பினம் எல்லோ? பதினொரு பேர்தான். நீர் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வைச்சால் காணும்.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன வருடம் கடற்கரைக்குப் போனபோதும், எல்லாருக்கும் சமைத்துக்கொண்டு அவள் கடலைப் பார்த்தது குசினி யன்னலால்தான்.

“எல்லாரும் அங்கை வருகினமோ?”

“ஓம், ஒருத்தரும் மிச்சமில்லை.”

அன்ரனிற்றா பதிவுத் தாளைக் கிடாரத்துக்குள் எறிந்தாள்.

“அப்ப கறியை நீங்களே வையுங்கோ. நான் வீட்டிலை நிக்கிறன். ரெண்டு நாளைக்கு இஞ்சைதான் ஒருத்தரும் வரமாட்டினம்.”